விநாசித்தம்பி விட்டுப்போன கடல்

"உங்கப்பா செத்து எட்டு மாசம் ஆச்சுடா. இந்தக் கல்லு மட்டும் சாவவும் மாட்டேங்குது, ஒழுங்கா இருக்கவும் மாட்டேங்குது. அதுக்கு நான் என்ன பண்ண, மாரடிச்சு அழவா?"

ஞாயிற்றுக்கிழமை காலை, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு புஷ்பராணி இப்படித்தான் கத்தினாள். மறுமுனையில், கோலாலம்பூரில், அவள் மகன் ராமதாஸ். கணக்குப் பார்க்கும் உத்தியோகம். சத்தம் போடாமலே அடுத்தவரைக் குற்றவாளி ஆக்கத் தெரிந்தவன்.

"அம்மா, அது கல்லு இல்ல, கடல் பவளம். உயிரு. கோரல். எத்தன தடவ சொல்றது?"

"நானுந்தாண்டா உயிரு. என்னை எவனாவது வாரா வாரம் கூப்பிட்டு, சுருங்கிட்டியா, வெளுத்துட்டியான்னு கேக்குறானா?"

"அப்பா ஆசையா வச்சதும்மா. வருஷம் திரும்பி ஆட்டைத்திவசம் முடியிற வரைக்கும் பாத்துக்குங்க. அதுக்கப்புறம் நான் எடுத்துட்டுப் போயிடுறேன்."

"எங்க எடுத்துட்டுப் போவ? உன் பொண்டாட்டியோட புது சோபாவுக்குப் பக்கத்துலயா? அவ விட்டுட்டாலும்!"

போனை வைத்துவிட்டாள். கோபம் அடங்கவில்லை. கோபத்தோடேயே போய் ஐஸ் பெட்டியைத் திறந்து, உறைந்துபோன தண்ணீர்ப் போத்தல் இரண்டை எடுத்து வந்து முன்னறை மீன் தொட்டியில் மிதக்க விட்டாள்.

பதினோராவது மாடி வீடு. உச்சிப்பொழுதில் வெயில் விருந்தாளி மாதிரி முன்னறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். தொட்டித் தண்ணீர் சூடேறும். மீன் பொறுத்துக்கொள்ளும். கோரல் பொறுக்காது, நிறம் விட்டு எலும்பு மாதிரி வெளுத்துவிடும். அதனால் மத்தியானம் முழுக்கப் போத்தலை மாற்றி மாற்றிப் போட வேண்டும். வெயில் இறங்கும்வரை புஷ்பராணி கீழே இறங்கிப் பாசாரில் காய்கறி வாங்கக்கூடப் போக முடியாது.

"ஜெயில்லகூட மத்தியானம் கண்ணசர விடுவான்" என்பாள், பக்கத்து வீட்டு ரொஸ்னாவிடம். ரொஸ்னா மலாய்க்காரி. தமிழ் பாதிதான் புரியும். புரிந்த பாதிக்குச் சிரிப்பாள்.

விநாசித்தம்பி துறைமுகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் கையில் கொஞ்சம் பணம் வந்தது. மனைவிக்கு ஒரு சங்கிலி எடுத்துக் கொடுப்பார் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். அவர் நாலரை அடிக் கண்ணாடித் தொட்டி வாங்கி வந்து முன்னறையில் வைத்தார். "முப்பது வருஷம் நான் கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்தேன். இனி கடல் என்னைப் பாக்கட்டும்" என்றார். கடலிலிருந்து கேனில் தண்ணீர் வந்தது. பாறை வந்தது. நாலு மீன் வந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கோரல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் நீளமான பெயர் சொன்னார். புஷ்பராணிக்கு அது நாக்கில் நிற்கவில்லை. அவள் தன் அடுப்படியிலிருந்து பெயர் வைத்தாள். பகலில் நீர் கோத்துக் குலை குலையாக உப்பி நிற்பது திராட்சை. ஓரம் சுருண்டு தோல் மாதிரி இருப்பது அப்பம். காம்பு காம்பாக நீட்டி ஆடிக்கொண்டிருப்பது சாமந்தி. நாலாவதை எல்லோருமே மூளை என்றார்கள். அதை மட்டும் அவளும் அப்படியே விட்டுவிட்டாள். அந்த வீட்டில் மூளை இருப்பது அது ஒன்றுக்குத்தான் என்று ஒருநாள் சொல்லிவைத்தாள். விநாசித்தம்பி இரண்டு நாள் பேசவில்லை.

அவள் பிறந்தது தைப்பிங் ரயில்வே குடியிருப்பில். சிலோன்காரர்கள் என்றால் எல்லோருமே படித்தவர்கள் என்று ஊரில் நினைப்பு. இவள் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. தம்பி பிறந்தான், இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இடுப்பிலிருந்து தம்பி இறங்கியபோது தங்கை ஏறினாள். பதினெட்டு வயதில் கல்யாணம். பினாங்குக்கு வந்தாள். ஆனால் பினாங்கை அவள் பார்த்தது மாமியாரின் அறை ஜன்னல் வழியாகத்தான். மாமியார் படுத்தார். எழுந்திருக்கவும் இல்லை, சீக்கிரம் போகவும் இல்லை. அவர் போனபின் விநாசித்தம்பிக்குச் சர்க்கரை முற்றியது. வலது காலில் சுண்டு விரல் கறுத்தது. எடுத்தார்கள். அடுத்த விரல் கறுத்தது. இரண்டு வருஷம் தினமும் அந்தக் காலுக்கு மருந்து வைத்துக் கட்டினாள். சதை எப்படி ஓரத்திலிருந்து பின்வாங்கும், எப்போது வாடை மாறும் என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். கடைசியில் கால் அவரைக் கொல்லவில்லை. ஒருநாள் காலையில் தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சு நின்றது.

இனி கொஞ்சம் மூச்சு விடலாம் என்று அவள் நினைத்தது நிஜம். சாவு வீட்டில் அப்படி நினைக்கலாமா என்றால், நினைத்தாள். அவ்வளவுதான்.

ஆனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு விநாசித்தம்பியின் அக்கா யோகலட்சுமி முன்னறைக்கு நடுவில் நின்று சட்டம் போட்டார். எழுபது வயது. குரல் மட்டும் இன்னும் இருபதில் நின்றுவிட்ட மனுஷி.

"ஆட்டைத்திவசம் முடியுமட்டும் தம்பியின்ட சாமான் ஒண்டையும் அசைக்கப்படாது. பின்னேரம் விளக்கேத்தி, படத்துக்கு முன்னால அவனுக்குத் தேசிக்காய்த் தண்ணி வை. அது இல்லாட்டி அவனுக்குச் சோறு இறங்காது. அம்மா வீட்டுச் செப்புக்குடம் இருக்குதெல்லே, அதில வை."

"செப்புல எலுமிச்சைப் புளிப்பு வைக்கலாமா மச்சாள்? களிம்பு ஏறாதா?"

"குடிக்கிறவனுக்கு இனி வயித்தால போகப்போகுதோ? சொன்னதைச் செய்."

மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது, கால் படாத இடத்தில்தான் ஊற்ற வேண்டும். பதினோராவது மாடியில் கால் படாத இடம் எங்கே இருக்கிறது? முதலில் வாசல் நடையில் இருந்த துளசித் தொட்டியில் ஊற்றினாள். துளசி கருகிப்போனது. சாவு வீட்டுத் துளசி அப்படித்தான் என்றார் யோகலட்சுமி. "தம்பியின்ட தொட்டியில ஊத்து. அவன் கை பட்ட இடம்." எப்படியும் தொட்டியில் தினமும் தண்ணீர் வற்றும், நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்பத்தான் வேண்டும். அதோடு இதையும் சேர்த்து ஊற்றினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்ப்பதால் குடம் எப்போதும் பளபளவென்று இருந்தது.

முதலில் நத்தைகள் விழுந்தன. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாகப் பிடி விட்டு மணலில் மல்லாந்தன. பிறகு, பாறை இடுக்கிலிருந்து மீசையை மட்டும் நீட்டும் இறால் காணாமல் போனது. அப்பம் சுருங்கி, மேலே மெழுகு பூசினதுபோல் ஆனது.

கோரல் வைத்தியத்துக்கு ரேமண்ட் வந்தார். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். அவர் வீட்டிலும் தொட்டி உண்டு. விநாசித்தம்பியின் ஒரே நண்பர் என்று சொல்லலாம், மற்றவர்களுக்குக் கோரலைப் பற்றி அவ்வளவு நேரம் கேட்கப் பொறுமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் மனைவி ரோசலினோடு வருவார்.

"தோலு உரிக்குது அக்கா. அப்பப்ப உரிக்கும், நாலு நாள்ல திறந்துடும். சூசா இல்ல லா, கவலப்படாதீங்க."

திறக்கவில்லை. உப்பு அளவைப் பார்த்தார். சரியாக இருந்தது. சூடு பார்த்தார், சரி. விளக்குதான் பழசாகிவிட்டது என்று விளக்கை மாற்றினார். தெலுக் பஹாங் பக்கம் படகுக்காரரிடம் சொல்லிப் புதுக் கடல் தண்ணீர் கொண்டுவந்து பாதியை மாற்றினார். ஒரு வாரம் எல்லாம் கொஞ்சம் முகம் தெளிந்தன. சாமந்தி நாலு காம்பை நீட்டிப் பார்த்தது. அடுத்த வாரம் பழையபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

ரோசலின் வந்த விஷயம் வேறு. அவள் அந்தத் தொழிற்சாலைக் கேண்டீனில் சோற்றுக்கடை எடுத்து நடத்துகிறாள். சமையலுக்கு இருந்த பெண் வேலையை விட்டுப் போகிறாள்.

"அக்கா, உங்க கை மீன் குழம்புக்கு பிலிப்பீன்ஸ் மேனேஜர்கூட வரிசையில நிப்பான். விடியக்காலை பேக்டரி பஸ்ஸு உங்க பிளாட்டுக்குக் கீழயே வருது. மூணு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடலாம். வாங்களேன்."

புஷ்பராணி தேநீர் போட எழுந்து போனாள். அன்று போத்தல் மாற்ற மறந்துவிட்டாள், அவ்வளவு தூரம் மனசு போய்விட்டது. ஐம்பத்தாறு வயதில் முதல்தடவையாக யாரோ அவளை வெளியே கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் படுக்கையில் கிடப்பவர் யாரும் இல்லாத ஓர் இடத்துக்கு.

ராமதாஸிடம் சொன்னாள். "தொட்டியை யாரும்மா பாப்பா? மத்தியானம் சூடேறிச்சுன்னா?" என்றான். மச்சாளிடம் சொன்னாள். "தொட்டியைப் போட்டிட்டுப் போறியோ? தம்பியின்ட சீவன் அதிலதான் கிடக்கு" என்றார். இருவரும் பேசி வைத்துக்கொண்டதுபோல் தொட்டியையே காட்டினார்கள். தொட்டி குண்டு விளக்கின் கீழ் ஊம் என்று இரைந்துகொண்டே இருந்தது. பகலிலும் இரைந்தது, அவள் சோறு தின்னும்போதும் இரைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மகனிடம் கத்தி முடித்துப் போத்தலைப் போட்ட கொஞ்ச நேரத்தில், ரேமண்டும் ரோசலினும் வந்தார்கள். திராட்சையைப் பார்த்ததும் ரேமண்ட் முகம் மாறியது. குலை வற்றி, ஒரு பக்கம் சதை பின்வாங்கி, அடியில் இருந்த எலும்பு பல் பல்லாக வெளியே தெரிந்தது. அதன்மேல் பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி ஏதோ படிந்திருந்தது.

"இத விட்டா ஒரே நாள்ல மீதியையும் தின்னுடும்" என்றார். ஐஸ்கிரீம் டப்பாவில் தொட்டித் தண்ணீர் எடுத்து, புண்ணுக்குப் போடும் பழுப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். திராட்சையை உள்ளே தூக்கி வைத்தார். ஊசி இல்லாத சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கூழைக் கழுவினார். வாடை எழுந்தது. ரோசலின் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். புஷ்பராணி பொத்தவில்லை. அந்த வாடை அவளுக்குத் தெரியும்.

ரேமண்ட் குறடை எடுத்தார். செத்த பக்கத்தை எலும்போடு நெரித்து உடைத்தார். டக் என்று சத்தம்.

"இதோட நின்னுடும் அக்கா."

"சுண்டு விரல் எடுத்தப்ப டாக்டரும் இதத்தான் சொன்னான்" என்றாள் புஷ்பராணி.

ரேமண்ட் கையைக் கழுவிவிட்டு நெடுநேரம் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஒண்ணு பாத்தீங்களா அக்கா? மீனு நாலும் மாப்பிள்ள மாதிரி சுத்துது. நத்தை போச்சு, இறால் போச்சு, கோரல் போய்க்கிட்டிருக்கு. சூடு தப்புன்னா மீனும் மூச்சு வாங்கும். உப்பு தப்புன்னாலும் அதுக்குத் தெரிஞ்சிருக்கும். மீனை விட்டுட்டு மத்ததை மட்டும் பாத்துப் பாத்துக் கொல்றது ஒண்ணுதான். காப்பர். செப்பு. அண்ணன் மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தா ஊத்துற நீல மருந்து ஏதாவது ஊத்தினாரா?"

"செத்த மனுஷன் எட்டு மாசமா எங்கேருந்து ஊத்துவாரு?"

"அதுவும் சரிதான். இருந்தாலும் பாத்துடுவோம். சூலியா தெருவுல ஷேக் அலாவுதீன் மீன் கடையில அதுக்குச் சோதனை மருந்து இருக்கும். வாங்கிட்டு அடுத்த வாரம் வர்றேன்."

புஷ்பராணியின் கண் அந்த நேரத்தில் எங்கே போனது என்று யாரும் கவனிக்கவில்லை. தொட்டிக்கு எதிர்ச்சுவரில் விநாசித்தம்பியின் படம். படத்துக்குக் கீழே பளபளவென்று செப்புக்குடம்.

செப்பில் புளிப்பு வைத்தால் களிம்பு ஏறும். மோரோ ரசமோ செப்பில் வைத்துத் தின்றால் வாந்தி பேதி. இது இரண்டாம் வகுப்புக்கு முன்னாலேயே தெரிந்த பாடம். தேசிக்காய்ப் புளிப்பு ஒரு இரவு முழுக்கச் செப்பை அரிக்கிறது. காலையில் அதைத் தூக்கித் தொட்டியில் ஊற்றுகிறாள். தண்ணீர் வற்றிப் போகும். செப்பு வற்றாது. ஏழு மாசமாகச் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது.

வாயைத் திறந்தாள். அதற்குள் ரோசலின் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "அக்கா, முதல் தேதிக்குள்ள சொல்லிடுங்க. அதுக்கு மேல என்னால தாங்க முடியாது, வேற ஆளு பாத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க."

புஷ்பராணி வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை குடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றாள். கணக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. ஒன்றும் புதிதாகச் செய்ய வேண்டாம். மச்சாள் சொன்னதையே செய்துகொண்டு போனால் போதும். ரேமண்ட் மருந்தோடு வருவதற்குள் பாதி செத்திருக்கும், மீதி சாகக் கிடக்கும். செத்த பிறகு யாருக்குப் போத்தல் மாற்றுவது? யாராலும் இவளைக் குற்றம் சொல்ல முடியாது. விநாசித்தம்பிக்கு வைத்த தண்ணீரை விநாசித்தம்பியின் தொட்டியில் ஊற்றினாள், அவ்வளவுதான்.

ஊற்றினாள்.

தெரிந்தேதான் ஊற்றினாள். குடத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் தட்டினாள்.

மத்தியானம் போத்தலைப் போடக் குனிந்தபோது வாடை வந்தது. உடைத்த இடத்தில் மறுபடியும் பழுப்பாகப் படிந்திருந்தது. அவள் யோசிப்பதற்கு முன்பே கை சிரிஞ்சைத் தேடியது. டப்பாவில் மருந்து கலந்தாள். திராட்சையைத் தூக்கினாள். கழுவ ஆரம்பித்தாள். பாதிக் கழுவலில்தான் தான் என்ன செய்கிறோம் என்பது உறைத்தது. காலையில் விஷம் ஊற்றின கை மத்தியானம் புண்ணைக் கழுவுகிறது.

இந்தக் கையை அவள் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். பாவம் புஷ்பம் என்று சொல்லிக்கொண்டே அவளைக் கட்டிப்போட்ட கைகள் எத்தனை! திராட்சையின் மீது அவளுக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. அது கூப்பிட்டால் திரும்பாது, வால் ஆட்டாது. ஆனால் ஒட்டின இடத்தை விட்டு நகர முடியாமல், மேலே ஊற்றுகிறதை எல்லாம் வாங்கிக்கொண்டு கிடக்கிற ஒன்றைக் கொன்றுவிட்டுக் கேண்டீனில் போய்ச் சோறு வடிக்க அவளால் முடியாது. முடிந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"தூ" என்றாள், யாரைப் பார்த்து என்று தெரியாமல். ஈரக் கையோடு ரோசலின் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"உன் புருஷன் வேலை விட்டு வந்ததும் நேரா இங்க அனுப்பு. எதனால சாவுதுன்னு எனக்குத் தெரியும்."

ரேமண்ட் அன்று சாயங்காலமே சோதனை மருந்தோடு வந்துவிட்டார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டார். நிறம் ஏறிக்கொண்டே போனது. அட்டையில் காட்டியிருந்த கடைசி நிறத்தையும் தாண்டிப் போனது. அவர் குடத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அக்கா, தண்ணிய மாத்தி மட்டும் பிரயோசனம் இல்ல. செப்பு பாறைக்குள்ள, மணலுக்குள்ள இறங்கிடுச்சு. புதுத் தண்ணி விட்டா மறுபடியும் கக்கும். இந்தத் தொட்டி இனிமே கோரலுக்கு ஆகாது. இருக்கறதை நான் எங்க வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியா வச்சுப் பாக்குறேன். பொழைக்குமான்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"மீனு?"

"மீனு இதுலயே இருக்கும். காலையில ஒரு சிட்டிகை தீனி போட்டா போதும்."

"மத்தியானம் ஐஸ்ஸு?"

"மீனுக்கு எதுக்கு அக்கா ஐஸ்ஸு?"

புஷ்பராணி நாற்காலியில் உட்கார்ந்தாள். விநாசித்தம்பியின் நாற்காலி. எட்டு மாசமாக அதில் யாரும் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை யோகலட்சுமி வந்தார். வெறும் பாறையும் மீனும் மட்டும் இருந்த தொட்டியைப் பார்த்துவிட்டுக் கைத்தடியை ஓங்கித் தரையில் குத்தினார். புஷ்பராணி எதையும் மறைக்கவில்லை. குடம், தேசிக்காய், களிம்பு என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"தம்பிக்கு வச்ச தண்ணி விஷமோ? என்ன கதை கதைக்கிறாய்!"

"அவர் குடிக்கல மச்சாள். கோரல்தான் குடிச்சுது."

"நீ வேணுமெண்டு ஊத்தியிருக்கிறாய்."

"ஏழு மாசமா நீங்க சொல்லி ஊத்தினேன். திங்கக்கிழமை ஒரு நாள் தெரிஞ்சே ஊத்தினேன். அதையும் சேத்துச் சொல்லிக்குங்க, எனக்கு வெக்கம் இல்ல."

"அந்த ரேமண்டுக்குக் கோரல் வேணும். அவன் பெண்சாதிக்குச் சமைக்க ஆள் வேணும். ரெண்டும் ஒரே வீட்டில கிடைச்சிட்டுது. நல்ல வேதக்காரர்!"

"அவுங்களாவது கேட்டுட்டு எடுத்தாங்க மச்சாள்."

யோகலட்சுமி அங்கேயே உட்கார்ந்து ராமதாஸுக்குப் போன் போட்டார். அழுதார். பிறகு போனைப் புஷ்பராணியிடம் நீட்டினார்.

"அம்மா, என்னம்மா இது? சரி, போனது போகட்டும். மீனு இருக்குல்ல, அதையாவது..."

"காலையில தீனி போட்டுட்டுத்தான் போவேன்."

"எங்க போவீங்க?"

"கேண்டீனுக்கு."

மறுமுனையில் ராமதாஸ் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, அப்பா கிராணியா இருந்தவரு. நான் ஒரு நல்ல வேலையில இருக்கேன். நீங்க பேக்டரிப் புள்ளைங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டு நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? அதுவும் திவசம்கூட ஆகல. பொட்டில்லாம, காலங்காத்தால பஸ்ஸுக்கு நிக்கறதா?"

புஷ்பராணிக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாசமாக இவர்கள் கண்ணாடித் தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது எதை மறைக்க என்று இப்போது தெரிந்தது. தொட்டி காலியானதும் பின்னால் இருந்த சுவர் பளிச்சென்று தெரிகிறது.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் அந்த ஐஸ் போத்தலைத் தூக்கியிருக்க மாட்டேன்டா. கோரலை அப்பவே ரேமண்ட் வீட்டுக்குக் குடுத்திருப்பேன், அந்தச் சாமந்தியும் இப்படிச் சாகக் கிடந்திருக்காது."

"அம்மா..."

"உன் பேரை நான் ஒண்ணும் சோத்துல பிசைஞ்சு குடுக்கப் போறதில்ல. பயப்படாத."

யோகலட்சுமி திவசத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வருவார். வராமல் யார் சட்டம் போடுவது? குடத்தை மட்டும் கையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கும் பின்னேரம் விளக்கேற்றி, எவர்சில்வர் டம்ளரில் தேசிக்காய்த் தண்ணீர் வைத்தாள் புஷ்பராணி. மறுநாள் காலையில் அதைத் தானே குடித்துவிட்டாள். வீணாக்க மனசு வரவில்லை, கால் படாத இடமும் இது ஒன்றுதான் மிச்சம்.

சாமந்தியும் மூளையும் ரேமண்ட் வீட்டிலும் பிழைக்கவில்லை. அப்பம் பத்து நாள் கழித்துத் திறந்தது என்று ரோசலின் சொன்னாள். திராட்சை பாதி உடம்போடு, ஒரு பக்கம் மட்டும் உப்பிக்கொண்டு கிடக்கிறதாம். "உங்க ஆளு முரடு அக்கா, சாக மாட்டேங்குது" என்றாள்.

"என் ஆளுன்னு எவ சொன்னா?" என்று புஷ்பராணி எரிந்து விழுந்தாள். பிறகு, என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டாள்.

முதல் தேதிக்கு முந்தின சனிக்கிழமை, ரோசலின் இன்னொரு விஷயம் சொன்னாள். கேண்டீன் அடுப்படிக்குள் சிலிப்பர் போட்டு வரக்கூடாதாம். தரையில் எண்ணெய், வழுக்கும். முன்பக்கம் மூடின சப்பாத்துதான் போட வேண்டும். புஷ்பராணி பிறந்ததிலிருந்து சப்பாத்து போட்டதில்லை. போட்டுக்கொண்டு போக வேண்டிய இடம் எதுவும் இருந்ததில்லை.

மத்தியானமே கிளம்பினாள். உச்சி வெயில் முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தது, மீன்கள் பாட்டுக்குச் சுற்றின. கதவைப் பூட்டும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள், பழக்கதோஷம். பஸ் பிடித்துச் சூலியா தெருவில் இறங்கி, காசு மாற்றுகிற கடைகளைத் தாண்டி, ஒரு சின்னச் சப்பாத்துக் கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரப் பையன் கறுப்பு ரப்பர் அடி வைத்த ஒரு ஜோடியைக் கொண்டுவந்து போட்டான். கால் நுழைந்தது. சுண்டு விரலைக் கொஞ்சம் பிடித்தது.

"நடந்தா இளகிடும்மா. எங்க போடப் போறீங்க?"

"பாயான் லெப்பாஸுக்கு."

கடைக்குள்ளேயே நாலு நடை நடந்து பார்த்தாள். கண்ணாடியில் வெள்ளைச் சேலைக்குக் கீழே இரண்டு கறுப்புச் சப்பாத்து, யாரோ ஒரு போலீஸ்காரனுடைய கால் மாதிரி. கழற்றவில்லை. பழைய சிலிப்பரைப் பையில் கட்டித் தரச் சொல்லிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கேட்ட விலையைக் கொடுத்தாள்.

பதினான்கு வெள்ளி தொண்ணூறு காசு.